ஒன்பதாவது சத்தம்

வில்லாகோட்டா சுரங்க முகாம்
8 ஜூன் 1958

கசிமிரா,

இந்தக் கடிதத்தைப் பிரிக்காமலே அடுப்பில் போட்டாலும் போடுவாய். கடலோரத்தில் அடுப்பு ஒரே குச்சியில் பற்றிக்கொள்ளும் என்று ரயில் கார்டு சொல்கிறார். இங்கே மலை உச்சியில் இன்னும் மூன்று குச்சி, நாலு குச்சிதான். அதனால் முக்கியமான சங்கதியை முதலிலேயே எழுதிவிடுகிறேன். உன் புருஷன் பெனிக்னோவைக் கொன்றது திரி. என்னிடம் அத்தாட்சி இருக்கிறது.

போன வாரம் புதிய வெடித்திரிப் பெட்டி வந்தது. அன்றைக்கு வந்த அதே சரக்கு, அதே மெழுகுத்தாள். உள்ளே அதே அட்டை: "ஒரு மீட்டர் எரிய நூற்றிருபது விநாடி." இந்த முறை நான் யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. ஒரு மீட்டர் வெட்டிச் சுரங்க வாய்க்கு வெளியே தரையில் போட்டு, பட்டாளத்துக் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கொளுத்தினேன். நூற்று ஐம்பத்து மூன்று. நம்பாமல் இன்னொன்று வெட்டினேன். நூற்று ஐம்பத்தைந்து.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் வரிசையாக எழுதினால்தான் எனக்கே விளங்குகிறது. 1956 ஜூலை பதினாலு. கம்பெனிப் பெரியவர்கள் மதியம் பார்வையிட வருகிறார்கள் என்று மேஸ்திரி விடியலிலேயே வேட்டு வைக்கச் சொன்னார். சுரங்கத்துக்குள் எட்டுக் குழி. முந்தின நாள் சரிந்து வாயைப் பாதி அடைத்துக் கிடந்த பாறை மேல் ஒன்று. மொத்தம் ஒன்பது. புதிய திரி, ஒரு துண்டு எரித்துப் பார்த்துவிடுகிறேன் என்றேன். "பெட்டிக்குள்ள அட்டை இருக்குல்ல, படிக்கத் தெரியும்ல உனக்கு? அப்புறம் எதுக்கு எரிச்சுப் பாக்கணும்?" என்றார். அட்டைப்படி கடைசிக் குழி நாலு நிமிடத்தில் வெடித்திருக்க வேண்டும். அது ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. நடுவில் அவன் உள்ளே போனான். அவ்வளவுதான் நடந்தது.

உன் ஊரில் இதே திரி எவ்வளவு நேரம் எரிகிறது என்று தெரிந்தால் எல்லாம் முடிந்துவிடும். யாராவது கல்லுடைக்கிற ஆளிடம் ஒரு மீட்டர் வாங்கிக் கொளுத்திப் பார். உனக்கு என் மேல் இருக்கிற கோபம் இருக்கட்டும்.

மாப்பிள்ளை என்னைக் கேலி செய்யாத நாளே கிடையாது. என் காதை, என் கடிகாரத்தை, நான் நடக்கிற நடையைக்கூட விட்டுவைக்க மாட்டான். கடைசி ஒரு வாரம் மட்டும் ஏனோ வாயே திறக்கவில்லை. அது ஏன் என்று இரண்டு வருஷமாக யோசிக்கிறேன்.

லாசரோ

*

மொயெந்தோ துறைமுகம்
21 ஜூன் 1958

லாசரோவுக்கு,

அடுப்பில் போடவில்லை. படித்தேன், வயிறு எரிந்தது, அதுவே போதும்.

"நடுவில் அவன் உள்ளே போனான்" என்று எழுதியிருக்கிறாய். தானாகப் போனது போல. நீ கையெழுத்துப் போட்ட காகிதத்திலும் அப்படித்தான் இருக்கிறது: "நான் எண்ணி முடிக்கும் முன்பே, என் குரலுக்குக் காத்திராமல் போனார்." உன் அழகான எழுத்தில்.

அன்று விடியலில் நான் ஏரிக்கரையில் பனிக்கட்டியை உடைத்துத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தேன். காற்று அசையவில்லை. உன் குரல் எனக்குப் பின்னால் நின்று பேசுகிற மாதிரி கேட்டது. "ஒன்பது, முடிஞ்சது." அதை மூன்று தரம் சொன்னாய், வழக்கம் போல. நான் குடத்தைத் தூக்கி முதுகில் கட்டிக்கொண்டேன். அப்புறம் இன்னொரு வெடி வெடித்தது.

இதைச் சொன்னபோது என்ன செய்தீர்கள்? நட்டநடு மதியத்தில் உன்னைச் சுரங்க வாயில் நிறுத்திக் கத்தச் சொன்னார் மேஸ்திரி. முகாமே ஏரிக்கரையில் நின்று காது கொடுத்தது. ஒருவருக்கும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கவில்லை. கடைக்காரி ஹிலாரியா, "புருஷன் போன ஏக்கத்துல புத்தி பேதலிச்சுப் போச்சு, பாவம், விடுங்க" என்று என் தோளில் கை வைத்தாள். அந்தக் கையை இன்னும் என் தோளில் உணர்கிறேன். நீ வாயை மட்டும் அசைத்தாய் என்றுதான் அன்று நினைத்தேன், இன்றும் அதைத்தான் நினைக்கிறேன்.

திரியை எரிக்க எனக்கு நேரமில்லை. பதினாறு பேருக்குச் சமைக்கிறேன்.

கசிமிரா

*

வில்லாகோட்டா
6 ஜூலை 1958

கசிமிரா,

வாயை அசைக்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். மூன்று நாள் எச்சில் விழுங்க முடியவில்லை. நம்ப வேண்டாம், ஆனால் அது மட்டும் நிஜம்.

குரல் விஷயம் ஒரு பக்கம் இருக்கட்டும். ரயில் கார்டு மக்காரியோவிடம் ஒரு தகர டப்பா கொடுத்து அனுப்புகிறேன். அதே பெட்டித் திரி, ஒரு மீட்டர் வீதம் மூன்று துண்டு. ஈரம் ஏறக்கூடாது என்று மூடியைச் சுற்றி ஈயம் வைத்துவிட்டேன். டப்பாவில் இடம் இருந்ததால் பனியில் உறையவைத்துக் காயவைத்த நம் கிழங்கு, கொஞ்சம் சுன்யோவும் போட்டிருக்கிறேன். அங்கே இரவில் உறையாமல் பகலில் மட்டும் காய்ந்தால் கிழங்கு அழுகத்தான் செய்யும், சுன்யோ ஆகாது.

பதினாறு பேருக்குச் சமைக்கிறவளுக்கு எட்டு நிமிடம் கிடைக்காதா?

லாசரோ

*

மொயெந்தோ
27 ஜூலை 1958

லாசரோவுக்கு,

டப்பா வந்தது. யாரோ நாலு பக்கமும் உதைத்த மாதிரி உள்வாங்கிக் கிடந்தது. மக்காரியோவைத் திட்டினேன். அவர் தொடக்கூட இல்லையாம், இறங்க இறங்க ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் அதுவாகவே ஒடுங்கியதாம். இங்கே என்னிடம் சாப்பிடுகிற எவாரிஸ்தோ, கடலில் கல் போட்டு அணை கட்டுகிற வேலைக்காரர், "உள்ள இருக்கிறது உங்க ஊர்க் காத்துங்க. சோனிக் காத்து. எங்க காத்து அதை நெருக்கிடுச்சு" என்று சிரித்தார். ஆணியால் துளை போட்டதும் டப்பா உஸ்ஸென்று மூச்சை இழுத்தது. பெனிக்னோ எடுத்திருக்க வேண்டிய மூச்சு அது என்று தோன்றியது.

மறுநாள் எவாரிஸ்தோவும் நானும் கடற்கரை மணலில் எரித்தோம். அவர் கடிகாரம். நூற்றுப் பத்தொன்பது, நூற்றிருபத்தொன்று, நூற்றிருபது. எல்லாம் அட்டையில் இருக்கிறபடியேதான். நூற்றைம்பது என்று நீ எழுதியதைச் சொன்னேன். "எம் பாட்டுக்கு நான் இங்கே மூச்சு விடுறேன், மேல வந்தா நாலு அடிக்கு ஒருதரம் உக்காருவேன். திரியும் அப்படித்தானே?" என்றார். நான் வந்த புதிதில் கிழங்கை நம் ஊர்க் கணக்குக்கு வேகவிட்டு ஒரு மாதம் இவர்களுக்குக் கூழ் ஊற்றினேன். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். மேலே தண்ணீர் கொதிக்கும், ஆனால் சூடு போதாது. நெருப்பும் அங்கே சோம்பேறிதான்.

ஆக, உன் திரி நிரபராதி இல்லை. ஒத்துக்கொள்கிறேன். உனக்கு இது போதும் என்று எழுதுவாய். எனக்குப் போதவில்லை.

கடைசிக் குழி ஏன் தாமதம் என்பதற்குத்தான் திரி பதில் சொல்கிறது. எட்டுக் குழி, ஒரு பாறை. ஒரு குழி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அப்படியானால் அதுவரை எட்டுச் சத்தம்தான் வந்திருக்க முடியும். நீயோ ஒன்பது என்று கத்தினாய். நான் கேட்டேன். எட்டு என்றால் நீங்கள் ஒரு வாய் கோக்கா இலையைச் சுவை போகும் வரை மென்றுவிட்டு, முக்கால் மணி நேரம் கழித்துத்தான் போவீர்கள். அது எனக்குத் தெரியும், சுரங்கத்தில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

ஒன்பதாவதை எங்கிருந்து கொண்டுவந்தாய்?

கசிமிரா

*

வில்லாகோட்டா
10 ஆகஸ்ட் 1958

கசிமிரா,

பதினோரு வருஷமாக இந்த மலையில் வேட்டு எண்ணுகிறேன். ஒரு தரம் பிசகியதில்லை. என் காதைப் பற்றிக் கேட்க யாருக்கும் அருகதை இல்லை, உனக்கும் இல்லை. உன் எவாரிஸ்தோவுக்கு நிச்சயமாக இல்லை.

திரி என்று நீயே எழுதிவிட்டாய். அதோடு விடு.

லாசரோ

*

மொயெந்தோ
30 ஆகஸ்ட் 1958

லாசரோவுக்கு,

விடுகிறேன். ஆனால் ஒன்று சொல்லிவிட்டு விடுகிறேன்.

வருகிற நவம்பரில் ஆத்மாக்கள் நாள் அவருக்கு மூன்றாவது. செத்தவரை மூன்று வருஷம்தான் மேசை போட்டு அழைப்போம், அப்புறம் அவர் வழி அவருக்கு. சுரங்கத்தில் போனவர்களுக்குச் சுரங்க வாயில் மேசை. எண்ணிக்கையை மீறி உள்ளே போனவனுக்கு அங்கே இடமில்லை என்பது முகாம் சட்டம். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் எல்லாருக்கும் ரொட்டி வைத்தீர்கள், என் புருஷனுக்கு வைக்கவில்லை. மக்காரியோ சொன்னார். அவர் வந்து, ஆள் ஆளாகப் பார்த்து, தன் பெயரை யாரும் கூப்பிடாமல் திரும்பிப் போயிருப்பார். இரண்டு தரம்.

நான் இங்கே மேசை போட்டேன். வரவில்லை. எப்படி வருவார்? அவர் வாழ்நாளில் கடலையே பார்த்ததில்லை, வழி தெரியாது.

உன் ஒரு கையெழுத்தினால் அவர் அவசரக்காரர் ஆனார், நான் பைத்தியக்காரி ஆனேன். இந்த நவம்பரும் போய்விட்டால் அப்புறம் நீ அழுது புரண்டாலும் மாற்ற முடியாது. உன் காது பெரிதா, அவர் பெயர் பெரிதா? யோசித்துக்கொள். இனி நானாக எழுத மாட்டேன்.

கசிமிரா

*

வில்லாகோட்டா
5 அக்டோபர் 1958

கசிமிரா,

இதை நாலு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

போன ஜூன் மாதம், திரி எரித்துப் பார்த்ததற்கு முந்தின நாள், சுரங்க வாயில் மறுபடி ஒரு பாறை விழுந்தது. புது மேஸ்திரி என்னைத் தனியாகப் போய் உடைக்கச் சொன்னார். விடியல். ஏரி உறைந்து கிடந்தது. கையுறையைக் கழற்றினால் இரும்பில் தோல் ஒட்டிக்கொள்கிற குளிர். பாறை மேல் தோட்டாக்களை வைத்து, சேற்றால் மூடி, கொளுத்திவிட்டுப் பாதை வளைவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். பழக்க தோஷத்தில் ஒரு சோள மணியை இடது கையில் வைத்துக்கொண்டேன். எண்ணுகிறவன் செய்வது அதுதானே. எத்தனை வேட்டோ அத்தனை மணி இடது கையில். ஒரு சத்தத்துக்கு ஒரு மணி வலது கைக்கு. இடது கை காலியானால் குரல் கொடுக்க வேண்டும்.

பாறை வெடித்தது. மணியை மாற்றினேன். ஒன்பது பத்து விநாடி இருக்கும். ஏரிக்கு அக்கரையில் செங்குத்தாக நிற்கிறதே கருஞ்சுவர், அங்கிருந்து இன்னொரு சத்தம் வந்தது. அடித் தொண்டையில், மழுங்கலாக. குழிக்குள் வெடிக்கிற வேட்டு எப்படிக் கேட்குமோ அப்படியே. என் இடது கை தானாகவே அடுத்த மணியைத் தேடியது. அதில் ஒன்றும் இல்லை.

அங்கேயே உட்கார்ந்து அன்றைய வேட்டுகளை விரல் விட்டு மறுபடி எண்ணினேன்.

பதினோரு வருஷமாக நாங்கள் வேட்டு வைத்தது பிற்பகலில். அப்போது தரை சூடேறி, காற்று எழும்பி, சத்தமெல்லாம் மேலே போய்விடும். குழிவேட்டு மண்ணுக்குள் வெடிப்பதால் அக்கரை வரை போகவே போகாது. இதற்கு முன்னால் விடியலில், திறந்த வெளியில், பாறை மேல் வேட்டு வைத்தது அந்த ஒரு நாள்தான். குளிர் காற்று தரையோடு படுத்துக் கிடக்கிற நேரம் அது, எந்தச் சத்தத்தையும் மேலே விடாது. சுவர் திருப்பிக் கொடுத்ததை நான் ஒரு வேட்டு என்று எண்ணினேன். எல்லாம் தெரிந்த காது என் காது.

மறுநாள் திரியை எரித்தேன். அது மெதுவாக எரிந்ததும் எனக்கு உயிர் வந்தது. பழி போட ஒரு இடம் கிடைத்தது என்று உனக்கு எழுதினேன்.

இன்னும் இருக்கிறது. இதைத்தான் கிழித்துக் கிழித்துப் போட்டேன்.

வளைவில் நானும் அவனும் மட்டும்தான் இருந்தோம். வலது கையில் ஒன்பது மணி சேர்ந்ததும் எழுந்து குரல் கொடுத்தேன். மாப்பிள்ளை எழுந்திருக்கவில்லை. விரலை விட்டு எண்ணியிருக்கிறான் போல.

"எனக்கு எட்டுதான் படுது மச்சான். நடுவுல ஒண்ணு ஏரிப் பக்கம் கேட்ட மாதிரி இருந்துச்சு."

"சோளம் யார் கையில இருக்கு?"

"உன் கையிலதான்."

"அப்புறம் என்ன? கீழ மேஸ்திரி கடிகாரத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. நட."

அவன் என்னைப் பார்த்தான். வழக்கமாக இருந்தால் என் காதைப் பற்றி ஏதாவது ஒன்று எடுத்துவிட்டு, இலையை மெல்ல ஆரம்பித்திருப்பான். அன்று அப்படிச் செய்யவில்லை. "சரி மச்சான், நீ சொன்னா சரிதான்" என்றான். கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனான். எண்பது அடி தூரம். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவனை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது மேஸ்திரி காகிதத்தோடு வந்தார். "அவன் போயிட்டான், நீயும் உள்ள போகணுமா? எண்ணி முடிக்கலைன்னு ஒரு வரி எழுது" என்றார். எழுதினேன். என் கையில் இருந்த ரத்தம் காகிதத்தின் ஓரத்தில் பட்டது. வேறு காகிதம் கொண்டுவந்து மறுபடி எழுதவைத்தார். அதையும் எழுதினேன்.

மதியம் என்னை மேலே நிறுத்திக் கத்தச் சொன்னபோது, உனக்குக் கேட்டுவிடுமோ என்ற பயத்தோடுதான் கத்தினேன். கீழே எல்லாரும் கையை விரித்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. நீ மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாய்.

அந்த ஒன்பது மணியையும் இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு வருஷமாகச் சட்டைப் பையிலேயே இருந்தன. வேறு யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை.

லாசரோ

*

மொயெந்தோ
16 அக்டோபர் 1958

லாசரோவுக்கு,

எனக்கு எழுதியதை அவர்களிடம் சொல். காகிதத்தில் எழுதி ஒட்டாதே, வாயால் சொல். விடியலில் சொல், எல்லாரையும் ஏரிக்கரையில் நிறுத்திவிட்டு மேலே இருந்து சொல். ஹிலாரியா முன்வரிசையில் நிற்கட்டும்.

பிறகு அவருக்கு மேசை போடு. நான் வரமாட்டேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவருக்கு ரொட்டி வைக்க என்னால் ஆகாது. அவருடைய பழுப்புத் தொப்பி உன் வீட்டுப் பரணில் இருக்கிறது. அதை வை.

கசிமிரா

*

வில்லாகோட்டா
3 நவம்பர் 1958

கசிமிரா,

முதல் தேதிக்கு முந்தின நாளே வீடு வீடாகப் போய்க் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன். எதற்கு என்று சொல்லவில்லை. மழை தொடங்கிவிடுமோ என்று பயந்தேன். நல்ல வேளை, பனி இறுகி, காற்று செத்துக் கிடந்தது.

அறுபது எழுபது பேர் கரையில் நின்றார்கள். மேலே இருந்து பார்த்தால் கல் அடுக்கின மாதிரி. நான் சாதாரணக் குரலில், கூப்பிடுகிற குரலில்கூட இல்லை, "ஹிலாரியா, நீல முக்காடு போட்டிருக்கே" என்றேன். அவள் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள், பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று. அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்திலிருந்தவளிடம் "அந்தப் புள்ளை பொய் சொல்லலையே, நான்தானே பைத்தியம்னேன்" என்றாள். அவள் சொன்னதும் மேலே எனக்குக் கேட்டது. அந்த நேரத்தில் எல்லாம் எல்லாருக்கும் கேட்கிறது, கசிமிரா. இரண்டு வருஷமாக ஒருவரும் ஒரு விடியலில் சோதித்துப் பார்க்கவில்லை. நான் பார்க்கவிடவில்லை என்று சொல்ல வேண்டும்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மாப்பிள்ளை எட்டு என்றதை, நான் சோளம் யார் கையில் என்று கேட்டதை, காகிதத்தை. பாறை மேல் ஒரு வேட்டு வைத்தேன். சுவர் திருப்பிச் சொன்னது. "எத்தனை?" என்று கேட்டேன். "ரெண்டு" என்று பலர் சொன்னார்கள். கிழவர் ஃபொர்துனாத்தோ மட்டும் "ஒண்ணுதான்டா பாவி" என்றார்.

மதியம் சுரங்க வாயில் அவனுக்கு மேசை போட்டோம். ரொட்டியில் செய்த ஆள், ஏணி, கரும்பு, பூத்த வெங்காயத்தாள், இலை, தொப்பி. பெயரை மூன்று தரம் கூப்பிட்டார்கள். நான் கூப்பிட வாயெடுத்தபோது ஃபொர்துனாத்தோ கையைக் காட்டி நிறுத்திவிட்டார். நின்றுவிட்டேன். பன்னிரண்டு அடித்ததும் வழக்கம் போல ஆத்மாக்களுக்காகப் பாறை மேல் ஒரு வேட்டு. நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு சத்தம். அவ்வளவுதான். சுவர் வாயே திறக்கவில்லை. பெரியவர்கள் காலையில் வந்திருந்தால், நாங்கள் எப்போதும் போலப் பிற்பகலில் வேட்டு வைத்திருந்தால், எனக்கும் எட்டுதான் கேட்டிருக்கும்.

சோளத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். இப்போது தள்ளுவண்டி தள்ளுகிறேன். மாவட்ட அலுவலகத்துக்கும் எழுதிப் போட்டுவிட்டேன், ஆள் அனுப்புவார்கள் என்கிறார்கள். அதெல்லாம் நடக்கட்டும். இடைவேளையில் இலைப் பையை நீட்டினால் யாரும் கை நீட்டுவதில்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

புதிய திரி வந்தால் இனி மேலேயே ஒரு மீட்டர் எரித்துப் பார்ப்பது என்று புது மேஸ்திரி எழுதி ஒட்டியிருக்கிறார். விடியலில் வேட்டு கிடையாது என்றும்.

லாசரோ

*

மொயெந்தோ
19 நவம்பர் 1958

லாசரோவுக்கு,

மக்காரியோவும் வந்து சொன்னார். தொப்பி வைத்தீர்களா என்று மட்டும் கேட்டேன்.

அண்ணன் என்று எழுதக் கை வரவில்லை. வரும் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் நீ உள்ளதைச் சொன்ன பிறகு நான் மட்டும் மறைப்பது நியாயம் இல்லை.

கடைசி வாரம் அவர் ஏன் உன்னைக் கேலி செய்யவில்லை என்று முதல் கடிதத்தில் கேட்டிருந்தாய். எனக்குப் படித்தவுடனே தெரியும். அதனால்தான் அதற்குப் பதில் எழுதவில்லை.

அதற்கு முந்தின ஞாயிறு ஃபொர்துனாத்தோ வீட்டு விருந்தில் உன் காதைப் பற்றி ஏதோ சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தார், நினைவிருக்கிறதா? நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாய். வீட்டுக்கு வந்ததும் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "நாலு பேர் முன்னாடி எங்க அண்ணனை இன்னொரு தரம் எதுத்துப் பேசுனா இந்த வீட்ல அடுப்பு எரியாது. அவரு சொன்னா சரின்னு போகக் கத்துக்க" என்றேன். இரண்டு நாள் பேசாமலே இருந்தேன். மூன்றாம் நாள் அவர்தான் இறங்கி வந்தார். "சரிடி, உங்க அண்ணன் பகலை ராத்திரின்னாலும் இனிமே சரிதான்பேன், போதுமா? கிழங்கைப் போடு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அவருக்கு எட்டு என்று தெரிந்திருந்தது. உன் கடிதத்தில் அந்த வரியைப் படித்த அன்று கடற்கரையில் போய் உட்கார்ந்தேன். முகாமிலேயே சரியாகக் கேட்ட ஒரே காது அவருடையது. அந்தக் காதை மூடிக்கொள்ளச் சொன்னவள் நான். நீ "நட" என்றாய், என் பேச்சைத் தட்டாமல் அவர் நடந்தார்.

நவம்பர் முதல் தேதி மதியம் நானும் இங்கே ஒரு தட்டு வைத்தேன். இந்த முறை அவர் அங்கே இருப்பார் என்று தெரியும், இருந்தாலும் வைத்தேன். உன் மணிகளில் எட்டை அவருடைய சூப்பில் போட்டேன். இங்கே சீக்கிரம் வெந்துவிட்டன.

ஒன்பதாவதை உனக்கே திருப்பி அனுப்பலாம் என்று இந்த உறைக்குள் போட்டேன். பிறகு எடுத்துவிட்டேன். அது என்னிடம் இருக்கட்டும்.

கசிமிரா